உறையாத ரத்தம்: சில குறிப்புகள்

சமயபுரம் மாரியம்மன் கோயில் வாசல் கடைகளில் உருக்கள் விற்கிறார்கள். கண், கை, கால், முகம், முழு ஆள், தொட்டில் என்று தகட்டில் அடித்த வடிவங்கள். வெள்ளியிலும் உண்டு, வெள்ளி மாதிரியிலும் உண்டு. எந்த அங்கத்தில் வாதையோ அந்த அங்கத்தை வாங்கிக் காணிக்கையாகப் போடுவது வழக்கம். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கடைகளைப் பார்த்து வருகிறேன். ரத்தத்துக்கு உரு கண்டதில்லை. மனசுக்கும் கண்டதில்லை. ரத்தத்தைத் தகட்டில் எப்படி அடிப்பது என்று கேட்டால் நியாயம்தான். மனசுக்கு இல்லாததற்குக் காரணம் வேறு. மனசுக்கு இந்த ஜில்லாவில் தனிக் கோயில் இருக்கிறது. காவிரியின் வடகரையில், சேலம் போகிற பாதையில் குணசீலம். புத்தி பேதலித்தவர்களை அங்கே பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். உடம்புக்குச் சமயபுரம், புத்திக்குக் குணசீலம். யாரும் உத்தரவு போட்டு ஏற்படுத்தாத இந்தப் பாகுபாடு எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மிகவும் சகஜம். ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் இந்தப் பாகுபாட்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எலும்புக்கு ஒரு கட்டடம், ரத்தத்துக்கு ஒன்று, மனநோய்க்குக் காம்பவுண்டின் கோடியில் ஒன்று.

எனக்கு இருப்பது ஹீமோஃபிலியா. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் எட்டாவது, ஃபேக்டர் எட்டு என்பது, என் ரத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பிறவியிலேயே இல்லை. ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5000க்கு ஒருவருக்கு இப்படி நேர்கிறது. இந்த வியாதியின் சரித்திரத்தை ஒரு நோயாளிக்கு உரிய சுயநலத்தோடு பல வருஷங்கள் படித்திருக்கிறேன். அதில் ரத்தம் இருக்கிறது, ராஜாக்கள் இருக்கிறார்கள், மருந்து கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் இந்த ரத்தத்தோடு காலையில் எழுந்து என்ன பயத்தோடு பல் தேய்க்கிறான் என்பது மட்டும் இல்லை. மனசு அந்தச் சரித்திரத்துக்குள் வரும்போதெல்லாம் குற்றவாளியாகவே கொண்டுவரப்படுகிறது. இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை.

முதலில் ஒரு தவறான அபிப்பிராயத்தை நீக்கிவிட வேண்டும். பிளேடு பட்டால் ரத்தம் பீறிட்டு நாங்கள் செத்துப்போய்விடுவோம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ரத்தம் மற்றவர்களுடையதைவிட வேகமாக வடிவதில்லை, அதிக நேரம் வடிகிறது, அவ்வளவுதான். வெளிக்காயம் எங்கள் பிரச்சினையே அல்ல என்றுகூடச் சொல்வேன். பிரச்சினை முழங்கால், கணுக்கால், முழங்கை. ஒரு காரணமும் இல்லாமல் ராத்திரி தூக்கத்தில் மூட்டுக்குள் கசிய ஆரம்பிக்கும். வீக்கம் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே ஒரு குறுகுறுப்பு வரும், எறும்பு ஊர்வதுபோல. எங்களுக்கு மட்டுமே தெரியும் சமிக்ஞை அது. மூட்டில் தேங்கும் ரத்தத்தின் இரும்பு சவ்வை அரிக்க, அரித்த சவ்வு மறுபடி கசிய, முப்பது வயதுக்குள் அறுபது வயதுக் கால். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வலியிலும் ஒரு சந்தேகம்: இது பழைய தேய்மானமா, புதிய கசிவா? தேய்மானம் என்றால் ஒத்தடம். கசிவு என்றால் உடனே ஃபேக்டர். நான் 60 கிலோ. அளவை நூற்றுக்கு நாற்பதுக்கு ஏற்ற 1200 யூனிட் வேண்டும். ஏற்றியது பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே சந்தேகம் தத்துவ ரீதியானதல்ல, விலை உள்ளது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முழங்காலைத் தடவிக்கொண்டு அதைத் தீர்மானிக்க வேண்டும், பெரும்பாலும் தனியாக.

சரித்திரத்தில் இந்த வியாதி முதலில் தென்படுவது வைத்தியத்தில் அல்ல, சடங்கில். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத மத விதி ஒன்று தால்முதில் இருக்கிறது. விருத்தசேதனம் செய்து ஒருத்தியின் இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யத் தேவையில்லை. அதோடு ஒரு சம்பவமும் சொல்லப்படுகிறது. செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். முதல் மூவரின் பிள்ளைகளும் இறந்த பிறகு நான்காமவள் ரபான் சிமியோன் பென் கமலியேலிடம் வந்து கேட்க, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடஸ், அவர் வைத்தியரும்கூட, தகப்பன் வேறாக இருந்தாலும் இதே விதிதான் என்று தெளிவுபடுத்தினார். தாய்வழியாக ஏதோ வருகிறது என்பது பரம்பரை விஞ்ஞானம் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே ஒரு மதச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. கோர்டோவாவின் அல் ஸஹ்ராவி, 1013இல் இறந்தவர், காயம் பட்டால் சாகும் வரை ரத்தம் நிற்காத ஆண்கள் உள்ள ஒரு கிராமத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1803இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் கான்ராட் ஓட்டோ, ஸ்மித் என்ற ஒரு பெண்ணின் வழிவந்த குடும்பங்களை ஆராய்ந்து, ஆண்கள் ரத்தம் சிந்துகிறார்கள், பெண்கள் சிந்தாமல் கடத்துகிறார்கள் என்ற சூத்திரத்தை வகுத்தார். இந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் மறுபடி வர வேண்டியிருக்கும். பெயர் வந்தது 1828இல், ஸூரிச்சில் ஹோப்ஃப் எழுதிய ஆய்வேட்டில். ரத்தத்தின் மீது பிரியம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். வைத்திய சாஸ்திரத்தில் இதைவிட மோசமான பெயர் சூட்டல் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நம்மிடம் விருத்தசேதனத்தின் இடத்தில் காது குத்து இருக்கிறது. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, பத்தர் ஊசியைச் செருகுகிறார். என் விஷயத்தில் இது நடந்தது இதே கோயிலில். இரண்டு காதிலும் நான்கு நாள் கசிந்ததாம். பாட்டி திருஷ்டி என்றாள். அம்மாவுக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்தார், ஒன்பது வயதில் கிணற்றடியில் விழுந்து, விழுந்ததற்குச் சம்பந்தமில்லாத அளவு வீங்கி இறந்தவர். என்னை மடியில் வைத்துக்கொண்டவர் அவருக்கு இளையவர், ஆரோக்கியமான மாமா. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1949, 50இல் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த லூயி துய்மோன், தென்னிந்தியச் சமூகத்தின் அச்சாணியாகத் தாய்மாமன் உறவையும் அவர் செய்யும் முறைகளையும் கண்டார். அந்த உறவின் சுபகாரியங்களை அவர் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். நோய்வழியில் பார்த்தால் தாய்மாமன் என்பவர் ஒரு முன்னறிவிப்பு. அவர் ரத்தத்தில் இருப்பது சகோதரியின் மௌனமான ரத்தத்தில் புகுந்து மருமகனிடம் மறுபடி பேச ஆரம்பிக்கிறது. மடியும் ரத்தமும் ஒரே பாதையில்தான் போகின்றன.

இந்த இடத்தில் பலரும் சொந்தத்தில் கல்யாணம் செய்வதைத்தான் சாடுவார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களில் அந்தப் போஸ்டர் உண்டு. என் அம்மாவை வருஷக்கணக்கில் அந்தப் போஸ்டரைச் சொல்லியே குத்தினார்கள். அப்பா அவளுக்கு அத்தை மகன். இந்த வியாதியைப் பொறுத்தவரை அது அபத்தம். கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகன் தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து மட்டும் பெறுகிறான். தகப்பன் அத்தை மகனா அந்நியனா என்பது பொருட்டே அல்ல. தவிர, நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்கதையே இராது, புதிதாகவே தோன்றும். இந்தக் கணக்கை 1935இல் போட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். நோயாளிகள் பிள்ளை பெறாமல் சாகிறார்கள், இருந்தும் நோய் அழியவில்லை, ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் இழந்த அளவு புதிதாக உண்டாகியே தீர வேண்டும் என்ற தர்க்கம். மனித ஜீன் ஒன்றின் மாறுதல் வேகத்தை மதிப்பிடத் துணிந்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. ஹால்டேன் பின்னால் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரில் காலமானார். பாவம், சாபம், குலதெய்வக் குறை என்று தாயின் தலையில் ஏற்றப்படும் பழிக்கு எதிராக எனக்குத் தெரிந்து மிகக் கச்சிதமான வாதம் அவருடைய அந்தக் கணக்கு.

சொந்தக் கல்யாணம் விபரீதமாகும் இடம் ஒன்றே ஒன்று. நோயுள்ளவன் தன் அக்கா மகளைக் கட்டுவது. எனக்கு அந்தப் பேச்சு எழுந்தது, 1996இல். எங்கள் பக்கம் அது முறை, உரிமை, என்னைப் போன்ற ஒருவன் விஷயத்தில் கருணையும்கூட: வெளியே யார் பெண் கொடுப்பார்கள்? அக்கா நோயைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவள் மகளுக்குக் கால் வாய்ப்பு. அது அவளிடம் இருந்துவிட்டால் எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில், ஆணானாலும் பெண்ணானாலும், பாதிப்பேருக்கு நோய். நான் ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமும் போட்டு அத்தானுக்கு விளக்கினேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் மறுத்தது அக்காவுக்கு அவமானமாகவே பட்டது. ஆறு வருஷம் அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வம்சாவளிப் படத்தில் வட்டங்களையும் சதுரங்களையும் இணைக்கும் கோடுகள் நேராக இருக்கின்றன. அந்தக் கோடு ஒவ்வொன்றுக்கும் வீட்டில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைக் குறிக்க அந்தப் படத்தில் சின்னம் இல்லை.

ராஜ குடும்பக் கதைகளை வேகமாகக் கடந்துவிடலாம். விக்டோரியா, அவள் மகன் லியோபோல்ட் 1884இல் கான் நகரில் வழுக்கி விழுந்து இறந்தது, ரஷ்யச் சிறுவன் அலெக்ஸி, ரஸ்புடின். நம் பத்திரிகைகள் ஹீமோஃபிலியாவைப் பற்றி எழுத நேர்ந்தால் இந்த அரண்மனைக்குள் புகுந்து வெளியே வருவதே இல்லை. ராஜவியாதி என்ற பட்டம் தமிழில் ஏற்கனவே வேறொன்றுக்கு, ராஜயட்சுமா என்ற காசநோய்க்கு, கொடுக்கப்பட்டுவிட்டது. புதுமைப்பித்தனை 1948இல் கொண்டுபோன அந்த நோய்க்கு நம் இலக்கியத்தில் ஒரு சோபையே உண்டு. பிறகு தமிழ் சினிமா ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டது. இருமி, பாட்டுப் பாடி, சாக வசதியான நோய்கள். சூஸன் ஸாண்டாக் 1978இல் நோய்கள் உருவகமாக்கப்படுவதைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொள்கிறேன். என்னுடையது உருவகமாகவும் லாயக்கற்றது, ஏனென்றால் இதில் சாவதில்லை, தொடர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. ராஜாக்களைப் பற்றிய புத்தகங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ராபர்ட் மாஸி 1967இல் ஜார் நிக்கோலஸின் கதையை எழுதியதற்குக் காரணம் தன் மகனுக்கே இந்த நோய் இருந்தது. அவரும் மனைவி சூஸனும் 1975இல் வெளியிட்ட 'ஜர்னி'யில்தான், அரண்மனையை விட்டு ஒரு சாதாரண வீட்டின் ராத்திரிகளுக்கு விஷயம் வந்து சேர்ந்தது. அதுவும் பெற்றோரின் ராத்திரிகள்.

இனி மனசுக்கு வருகிறேன். பயத்தில் ரத்தம் உறைந்துவிட்டது என்று தொடர்கதைகளில் எழுதுகிறார்கள். தேய்ந்த பிரயோகம், ஆனால் உடலியலில் அது கிட்டத்தட்ட உண்மை. 1914இல் ஹார்வர்டில் வால்ட்டர் கேனன், வலியும் ஆவேசமும் பூனைகளின் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைப்பதைக் காட்டினார். மிருகம் பயப்படுகிறது என்றால் கடிபடப் போகிறது, கடிபடப் போகிறது என்றால் ரத்தம் உறையத் தயாராக வேண்டும். 1961இல் லண்டனில் இங்ராம், அட்ரினலின் செலுத்தினால் ரத்தத்தில் ஏறுவது இந்த ஃபேக்டர் எட்டுதான் என்று அளந்தார். இந்த இழையைப் பிடித்துக்கொண்டே போன தேடலில், 1977இல் மிலானின் மன்னுச்சியும் சகாக்களும் டெஸ்மோப்ரெஸ்ஸின் என்ற மருந்தால் லேசான நோயாளிகளின் சொந்த ஃபேக்டரையே உயர்த்திக் காட்டினார்கள். அதாவது பயம் என்பது ரத்தத்துக்குப் போகும் ஒரு முன்தகவல். என்னைப் போன்ற கடுமையான நோயாளியிடமும் பயம் அந்தத் தகவலை ஒழுங்காக அனுப்புகிறது. பெற்றுக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை. ஆரோக்கியமானவனின் பயத்துக்கு உடம்பில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. எங்கள் பயம் வெறும் பயம். மனநலம் என்று இன்று சொல்லப்படுகிறதைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

ஆனால் சரித்திரம் வேறு திசையில் போயிற்று. ஐம்பது, அறுபதுகளில் மேற்கே மனோவைத்தியர்கள் இந்த நோயைக் கையிலெடுத்தபோது, காரணமில்லாமல் வரும் கசிவுகளுக்குக் காரணம் மனக்கொந்தளிப்பு என்ற கருத்து பலமாக இருந்தது. பையன் பரீட்சைக்குப் பயந்தான், முழங்கால் வீங்கிற்று. அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தாள், பையன் பலவீனமானான். ஃபிலடெல்ஃபியாவில் ஆஸ்கர் லூக்காஸ் என்ற பல் வைத்தியர் நோயாளிகளை ஹிப்னாடிஸத்தால் அமைதிப்படுத்திப் பல் பிடுங்கினார். அவருடைய நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. போதிய மருந்து இல்லாத காலம், கையில் இருந்ததை வைத்துச் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கருத்தின் நிழல் நீளமானது. மனசு ரத்தத்தைக் கெடுக்கிறது என்ற கேள்வியே கேட்கப்பட்டது. ரத்தம் மனசை என்ன செய்கிறது என்பது வெகுகாலம் ஒரு கேள்வியாகவே மதிக்கப்படவில்லை. எனக்கு இருபது வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் சீனியர் டாக்டர் ஒருவர், ஃபைலைப் புரட்டிக்கொண்டே, ரொம்ப டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆனால் பிளீட் ஆகும் என்றார். டென்ஷன் ஆகக் கூடாதே என்ற டென்ஷனும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது.

மனசு பேசப்படாததற்கு இன்னொரு காரணம் எளிமையானது. பேச ஆளே இருக்கவில்லை. ஸ்வீடனின் பழைய பதிவுகளை ஆராய்ந்து லார்ஸன் 1985இல் சொன்னது: 1831க்கும் 1920க்கும் இடையில் கடுமையான ஹீமோஃபிலியாவோடு பிறந்தவர்களின் ஆயுள் 11 வயது அளவு. 1961க்கும் 1980க்கும் இடையில் அது 56ஐத் தாண்டிவிட்டது. வயதுவந்த ஹீமோஃபிலியாக்காரன் என்ற மனிதனே சரித்திரத்துக்குப் புதியவன். அவனுக்கு முன்னோடி கிடையாது. ஐம்பது வயதில் இந்த உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்க எனக்குத் தெரிந்தவர்களில் ஒரு பெரியவர் இல்லை. 1958இல் மால்மோவில் இங்கா மாரி நில்ஸன் கசிவதற்கு முன்பே மருந்து கொடுக்கும் முறையைத் தொடங்கியதும், 1964இல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல், பிளாஸ்மாவை உறையவைத்து மெதுவாக இளக்கினால் அடியில் தங்கும் வண்டலில் ஃபேக்டர் செறிந்திருப்பதைக் கண்டதும் இந்தப் புதிய மனிதனைச் சாத்தியமாக்கின. அந்த வண்டலுக்கு கிரையோ என்று பெயர். என் வாலிபம் கிரையோவால் ஆனது.

முன்னோடிகளாகியிருக்க வேண்டிய தலைமுறையை அதே மருந்து அழித்தது. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த பொடி மூலம் எண்பதுகளின் தொடக்கத்துக்குள் அமெரிக்காவின் ஹீமோஃபிலியாக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. தொற்றிவிட்டது. 1963இல் உலக ஹீமோஃபிலியா சம்மேளனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெல் 1987இல் எய்ட்ஸால் இறந்தார். ஒன்பதாவது ஃபேக்டர் குறைபாட்டுக்கு 1952இல் எந்தச் சிறுவனின் பெயர் வைக்கப்பட்டதோ அந்த ஸ்டீஃபன் கிறிஸ்மஸ் 1993இல் அவ்வாறே போனார். பிரிட்டனில் ட்ரெலோர் பள்ளியில் 1970க்கும் 1987க்கும் இடையில் படித்த 122 ஹீமோஃபிலியா மாணவர்களில் இன்று 30 பேர் அளவே மிஞ்சியிருக்கிறார்கள். அந்தத் தேசத்தின் விசாரணை அறிக்கை 20 மே 2024 அன்றுதான் வெளிவந்தது. நீதிபதி லாங்ஸ்டாஃப் மனரீதியான பாதிப்புகளை ஆராய ஒரு நிபுணர் குழுவையே வைத்திருந்தார். மனசு சாட்சியாக அழைக்கப்பட்டது, ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு.

இங்கே 1986இல் சென்னையில் நிர்மலாவும் சுனிதி சாலமனும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். காசுக்கு ரத்தம் விற்பது 1996ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரியிலிருந்துதான் தடை செய்யப்பட்டது. ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமானது 2001இல். இடைப்பட்ட வருஷங்களில் நான் எத்தனை பை ஏற்றிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு பையும் முழங்காலைக் காப்பாற்ற வேறெதையோ பணயம் வைப்பது. கையில் ஊசி ஏறியிருக்க, சொட்டுகளை எண்ணியபடி கிடக்கையில் தோன்றும் எண்ணங்களை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனும் சொன்னதில்லை. அவன் மேட்டூர்க்காரன். நாங்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினோம்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். 1983இல் அசோக் பகதூர் வர்மா, அவரும் நோயாளிதான், டெல்லியில் இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் கிளைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஃபேக்டர் இலவசம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோஃபிலியாவும் இடம்பெற்றது. சான்றிதழ் உண்டு, ஆனால் அதே சட்டத்தின் 4 சத வேலை ஒதுக்கீட்டில் ரத்த நோய்களுக்கு இடம் இல்லை. சான்றிதழுக்கு மூட்டுகளை அளக்கிறார்கள், எத்தனை டிகிரி மடங்குகிறது என்று. மனநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தனி வரியாக. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு 28 பேர் எரிந்த பிறகு மனநோய் சர்க்காரின் கண்ணில் பட்டது, 2017இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. சமயபுரமும் குணசீலமும் கெஸட்டிலும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எனக்குப் பைத்தியம் இல்லை. தினசரி நான் சுமப்பது நோயாக எண்ணப்படும் அளவுக்குப் பெரியதும் அல்ல, சொல்லாமல் விடும் அளவுக்குச் சிறியதும் அல்ல.

உதாரணத்துக்குச் சித்திரை. முதல் செவ்வாய்க்கிழமை தேர். அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மஞ்சள் உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருவார்கள். அலகு குத்தியவர்கள் உண்டு, கன்னத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் வேல். அம்மன் அருளில் ரத்தம் வராது என்பார்கள். சிறு வயதில் நான் மெய்யாகவே பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த வாரம் முழுக்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடம் இராது, ஒரு முழங்கை என் முழங்கையில் இடித்தால் மூன்று நாள் படுக்கை. ஆகவே ஆபீஸுக்கு லீவு. என்ன காரணம் எழுதுவது? காய்ச்சல் என்று எழுதுவேன். உள்ளதை எழுதினால் அடுத்த வருஷம் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் முப்பது வருஷப் பழக்கம். ஷ்னாபெல் பிறந்த ஏப்ரல் 17, 1989 முதல் உலக ஹீமோஃபிலியா தினமாகக் கொண்டாடப்படுகிறது. பெரும்பாலான வருஷங்களில் அது எங்கள் தேரை ஒட்டியே வரும். திருச்சியில் அன்றைக்குக் கூட்டம் நடந்தால் என்னால் போக முடிந்ததில்லை, கூட்டம் காரணமாக.

2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் சகாக்களும் ஐந்து நோயாளிகளின் ரத்த மூலச் செல்களை எடுத்து, அதில் ஃபேக்டர் எட்டின் ஜீனைப் புகுத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் கசிவு நின்றுவிட்டது. நான் அந்தக் கட்டுரையை வரவழைத்துப் படித்தேன். கசிவுகளின் எண்ணிக்கைக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறது. அந்த ஐந்து பேரும் இப்போது எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. நாற்பது வருஷம் காவல் காத்தவனுக்குக் காவல் இனித் தேவையில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அவன் என்ன செய்வான்?

நான் 1999இல் வெளியில் கல்யாணம் செய்துகொண்டேன், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான். ஒரு மகள். என்னுடைய ஒரே எக்ஸ் அவளுக்குப் போயாக வேண்டும், ஆகவே அவள் நோயைச் சுமப்பவள் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே நிச்சயம். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, வரன் பார்க்கும்போது அவர்களிடம் சொல்வதா என்று நானும் அவள் அம்மாவும் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட வருஷங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. கடைசியில் அவளே காலேஜில் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து கேட்டாள். பிறகு நான் எதிர்பாராத ஒரு கேள்வியும் கேட்டாள்: என் அளவை யாராவது பார்த்தீர்களா?

யாரும் பார்க்கவில்லை. பெண்கள் சிந்துவதில்லை, கடத்துகிறார்கள் என்ற 1803ஆம் வருஷத்துச் சூத்திரத்தில் நானும் டாக்டர்களும் இருந்தோம். மாதாமாதம் அவள் படும் பாட்டை அவள் அம்மா இரும்பு மாத்திரையால் சமாளித்துக்கொண்டிருந்தாள். 2021இல் சர்வதேச ரத்த உறைவுச் சங்கம் பெயர்களை மாற்றியமைத்தது. ஃபேக்டர் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே உள்ள பெண்ணை வெறும் சுமப்பவள் என்று சொல்லக் கூடாது, அவளும் லேசான ஹீமோஃபிலியா உள்ளவள். மகளின் அளவு 31. போன வருஷம் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு ஒரு நாள் அவளுக்கு டெஸ்மோப்ரெஸ்ஸின் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு 84க்கு ஏறியிருந்தது. பல்லை எடுத்த அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சைக் கடித்தபடி வந்தவள், காகிதம் வாங்கி, எனக்குப் பயமாக இருந்தது, நல்லதுதானே என்று எழுதிக் காட்டினாள். கேனனைப் பற்றி முந்தின வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.